கயிற்றுக்குப் போட்ட சட்டை

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் மரவள்ளிக்கிழங்கைச் சொல்வார்கள். நானும் கிழங்கு தின்றவள்தான். ஆனால் அந்தக் காலம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது என் உள்ளங்கை. ஊசி குத்தின மாதிரி இரண்டு கையிலும் சின்னச் சின்னப் புண். கம்பிக்கயிறு குத்தின புண். இந்த வயதில் தோல் சுருங்கி அதெல்லாம் மறைந்துவிட்டது. மழை நாளில் மட்டும் எங்கோ ஓர் இடத்தில் சுருக்கென்கிறது.

நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் மலாயாவில், கெடா பக்கம், குருணுக்கும் புக்கிட் செலம்பாவுக்கும் நடுவில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பரைக் கேட்பாரில்லை. பால் வெட்டினாலும் ஒன்றுதான், வெட்டாவிட்டாலும் ஒன்றுதான். தோட்டத்துக்குப் பின்னால் குன்றைத் தாண்டினால் ஓர் ஈய லம்பம், அதாவது ஈயச் சுரங்கம். மற்ற லம்பங்களைப் போலத் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கிற இடம் இல்லை அது. பாறைக்குள் நேராகக் கிணறு வெட்டி, அடியில் இறங்கிக் கல்லை உடைத்து, கம்பிக்கயிற்றில் மேலே இழுக்கிற இடம். வெள்ளைக்காரன் போகும்போது இயந்திரத்தை அங்கே இங்கே உடைத்துவிட்டுப் போயிருந்தான். ஜப்பான்காரன் அதை ஒட்டுப்போட்டு ஓட்டினான். ஆள் தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்தான்.

ஆண்கள் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. என் கொழுந்தனை, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பியை, பட்டணத்தில் காசில்லாமல் படம் காட்டுகிறார்கள் என்று கூட்டிப்போய் அப்படியே ஏற்றிவிட்டார்கள். போனவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை, அங்கே ஆட்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வந்தது. லம்பத்தில் வேலை செய்கிறவனுக்கு மட்டும் சிவப்பு முத்திரை குத்தின துணிப்பட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைக் கையில் கட்டியிருந்தால் லாரிக்காரன் தொடமாட்டான். என் வீட்டுக்காரர் குளிக்கும்போதுகூட அதை அவிழ்க்கமாட்டார்.

கிணற்றுவாயின் மேல் பெரிய மரச்சட்டம் நின்றது. அதன் உச்சியில் ஒரு கப்பிச் சக்கரம். பக்கத்துக் கொட்டகையில் கயிற்றைச் சுற்றி இழுக்கிற இயந்திரம், விஞ்சு. கொதிகலனுக்கு நிலக்கரி கிடைக்காமல் எங்கள் ரப்பர் மரங்களையே வெட்டி எரித்தார்கள். விஞ்சின் உருளையிலிருந்து கிளம்புகிற கம்பிக்கயிறு சக்கரத்தின் மேல் ஏறிக் கிணற்றுக்குள் தொங்கும். நுனியில் இரும்புத் தொட்டி. கல் வருவதும் அதில்தான், ஆள் போவதும் அதில்தான். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் நடுத்தட்டு என்று ஓர் இடம். அதுவரை மர ஏணி உண்டு. அதற்குக் கீழே இருந்த ஏணி அழுகி விழுந்துவிட்டது. அடித்தட்டுக்குப் போகிறவனுக்குக் கயிறு ஒன்றுதான் வழி. என் வீட்டுக்காரர் வேலை செய்தது அடித்தட்டில்.

விஞ்சு ஓட்டினவர் முன்பு எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட் போடும் இயந்திரத்தை ஓட்டினவர். நாற்பது வயதிருக்கும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அந்த விஞ்சை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் வீட்டில் அண்ணிக்குப் பொறாமை வரும்.

எனக்கும் எதிர்வீட்டு அக்காவுக்கும் கயிறு துடைக்கிற வேலை. அக்காவின் புருஷனும் அடித்தட்டுதான். காலையில் ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் விஞ்சுக்கார அண்ணன் கயிற்றை மெல்ல மெல்ல ஓடவிடுவார். நாங்கள் பருத்தித் துணியை மடித்து, கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்போம். கயிறு எங்கள் பிடிக்குள்ளே ஓடும். கயிறு என்றால் ஒரே கம்பி இல்லை. மெல்லிய கம்பிகளைச் சேர்த்து ஒரு புரி. அப்படி ஆறு புரியை நடுவில் எண்ணெய் ஊறின சணல்திரி வைத்து முறுக்கியிருப்பார்கள். எங்கேயாவது ஒரு கம்பி அறுந்திருந்தால் அதன் முனை துணியைப் பிடித்து இழுக்கும். உடனே குரல் கொடுப்போம். விஞ்சு நிற்கும். அந்த இடத்தில் சுண்ணாம்பு தடவுவோம். ஒரு சாண் இடத்துக்குள் அடுத்தடுத்துச் சுண்ணாம்பு விழுந்தால் அண்ணன் இறங்கிவந்து பார்ப்பார். சில நேரம் துணிக்குப் பதில் எங்கள் கையையே கம்பி பிடித்துவிடும். அதுதான் நான் முதலில் சொன்ன புண்.

துணிக்குப் பஞ்சம் வந்த காலம் அது. நாங்களே சாக்கைத் தைத்துக் கட்ட ஆரம்பித்திருந்தோம். சாக்கை வைத்துக் கயிறு துடைத்தால் அறுந்த கம்பி தெரியாது. சாக்கே முள்ளாக இருக்கும். அதனால் என் கல்யாணச் சேலையின் ஓரத்தைக் கிழித்தேன். என் புருஷன் தொங்குகிற கயிறு. அதற்குக் கிழிக்காமல் வேறு எதற்குக் கிழிப்பது.

வெள்ளைக்காரன் இருந்தபோது அடிக்கடி கயிற்றின் நுனியை வெட்டி எறிந்துவிட்டுத் தொட்டியைப் புதிய இடத்தில் மாட்டுவார்களாம். தொட்டிக்கு மேலே இருக்கிற அந்தத் துண்டுதான் கிணற்றுத் தண்ணீரில் நனைந்து நனைந்து சீக்கிரம் கெடும். அந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர் இல்லை, நாக்கில் வைத்தால் புளிக்கும். ஆனால் இப்போது புதுக்கயிறு எங்கிருந்து வரும்? வெட்ட வெட்டக் கயிறு குட்டையாகும், அடித்தட்டுக்கு எட்டாது. அதனால் வெட்டுகிற வழக்கம் நின்றது.

அப்புறம் கிரீஸ் தீர்ந்தது. கயிற்றுக்கு எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் துரு ஏறும். ஜப்பான் துரை செம்பனை எண்ணெய் ஒரு டின் அனுப்பினார். கயிற்றுக்கு வந்த எண்ணெய் கொஞ்சம் எங்கள் சட்டிக்கும் போனது. கிழங்கை வெறும் தண்ணீரில் அவித்துத் தின்றவர்களுக்கு முன்னால் டின் எண்ணெயை வைத்தால் என்ன நடக்கும்? அக்கா சொன்னாள், "கயிறு நம்மள விட நல்லா சாப்புடுது புள்ள. அடுத்த பெறவியில நான் கயிறாப் பொறக்கணும்." அந்த எண்ணெயும் புளித்துப்போய்க் கயிற்றில் பச்சையாகப் பூத்தது. அடுத்த டின் வரவே இல்லை.

அப்போதுதான் விஞ்சுக்கார அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது.

ரப்பர் பாலை வைத்து நாங்கள் அந்தக் காலத்தில் எதைத்தான் செய்யவில்லை. சாக்கில் பால் பூசிக் காயவைத்து மழைக்குப் போர்த்துவோம். செருப்புக்கு அடிபோடுவோம். ஓட்டை வாளியை அடைப்போம். பால் பூசின எதிலும் தண்ணீர் இறங்காது. இது எங்கள் தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்கக் கயிற்றுக்கு ஏன் பூசக்கூடாது?

பூசினோம். தேங்காய்மட்டையைத் தட்டிப் பிரஷ் செய்து, புதுப்பாலைத் தடவி, காயவிட்டு, அதன்மேல் மறுபடி தடவினோம். கொதிகலன் புகையில் கயிறு பழுப்பாகப் பளபளத்தது. சக்கரத்தில் ஏறி இறங்குகிற பாகத்தில் உரிந்து உரிந்து வந்தது, அங்கே மறுபடி பூசினோம். தொட்டிக்கு மேலே இருந்த பாகம் சக்கரம் வரை போவதில்லை. அங்கே மட்டும் உரியாமல் கெட்டியாகத் தோல் மாதிரி நின்றது. துரை வந்து தடவிப் பார்த்து, தலையை ஆட்டி, அண்ணனுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். அண்ணன் அதைப் பிடிக்காமல் காதில் செருகிக்கொண்டு திரிந்தார்.

"கயித்துக்குச் சட்ட போட்டாச்சு. நமக்குத்தான் சாக்கு" என்றாள் அக்கா.

எல்லோருக்கும் சந்தோஷம்தான். இனி துணி வேண்டாம், கை கிழியாது. ரப்பரின் மேல் துணி வழுக்கிக்கொண்டு போனது, எதிலும் மாட்டவில்லை. மாட்டவில்லை என்றால் கயிறு நன்றாக இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். எங்களை விறகு தூக்கப் போட்டார்கள்.

சவக்காரமும் இல்லாத காலம். சாம்பலில்தான் துவைப்போம். என் வீட்டுக்காரரிடம் இருந்தது ஒரே சட்டை. ஒருநாள் அதைத் துவைக்கும்போது தோளில் செம்பழுப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கறை. மண் என்று நினைத்துத் தேய்த்தேன். மண் போகும், இது போகவில்லை. அடுத்த வாரம் பொட்டுகள் கூடியிருந்தன. வாய்க்காலில் பக்கத்துக் கல்லில் அக்கா துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சட்டையிலும் அதே இடத்தில் அதே கறை.

நான் மறுநாள் விறகுக் கட்டோடு கிணற்றுவாயில் நின்று பார்த்தேன். தொட்டி மேலே வந்து நின்றது. ரப்பர் தோல் முடிகிற இடத்தில், தொட்டிக் கொக்கிக்குச் சற்று மேலே, ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பாக. விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று ஊறி வந்தது. வெளியே இருந்து தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று பூசினோம். உள்ளே ஏற்கெனவே இருந்த புளித்த தண்ணீரை வெளியே போகவிடாமல் அடைத்துவிட்டோம். பட்டை பளபளவென்று இருந்து உள்ளே உளுத்துப்போன மரங்களை நான் வெட்டியிருக்கிறேன். தட்டினாலே தெரியும். கயிற்றைத் தட்டிப் பார்க்க முடியுமா?

அன்று பொழுது சாய்வதற்கு முன்னால், கிழங்கு வேகும்போது, வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு சொன்னார்:

"இத யாருகிட்டயும் சொல்லாத."

"ஏங்க, அந்தத் தொட்டியில நீங்கதானே போறீங்க?"

"நான்தான் போறேன். அதான் சொல்றேன். கயிறு கெட்டுப்போச்சுன்னு ஆச்சுன்னா வேற கயிறு எங்க இருக்கு? லம்பத்த மூடுவான். மூடுனா இந்தப் பட்டைய அவுத்துக்குவான். அவுத்த மறுநாளு லாரி வரும்." அவர் கையில் கட்டியிருந்த துணிப்பட்டையைத் தொட்டுக்கொண்டார். "தம்பி போன எடத்துக்கு நானும் போணுமா?"

"கயிறு அறுந்தா?"

"அறுந்தா ஒரு நிமிஷம். அங்க போனா தெனமும்."

அவர் பயந்தவர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. தட்டில் கிழங்கை வைத்துவிட்டு நான் வாசலில் போய் உட்கார்ந்தேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் ரப்பர் பந்து ஒன்றை உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் சயாம். இதில் எது என்று சொல்லவேண்டியது நானா என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தொட்டியில் அவர் ஒருவர் மட்டும் போகவில்லை. அக்கா புருஷன் போகிறான், இன்னும் எத்தனையோ பேர் போகிறார்கள். அவர்கள் எல்லோரும் தெரிந்தா ஏறுகிறார்கள்? அவர் தெரிந்து ஏறலாம், அவர் இஷ்டம். தெரியாமல் ஏறுகிறவனை ஏறவிட எனக்கு மனம் வரவில்லை. வந்த முடிவு அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காலையில் விஞ்சுக் கொட்டகைக்குப் போனேன். வழியில் அக்காவிடமும் சொன்னேன், அவளும் கூட வந்தாள்.

"அண்ணே, கயித்துக்கு உள்ளாற தண்ணி நிக்குது. செவப்பா ஒழுகுது."

அண்ணன் இயந்திரத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "என் கயித்தயா சொல்ற தங்கச்சி? கல்லு ஏத்தி இழுத்தேன் பாத்தியா நேத்து? ஒரு முக்கல் மொனகல் உண்டா?"

"கல்லு இழுத்தீங்க. சரி. நீங்க ஒரு தடவ எறங்கிட்டு வாங்களேன்."

"நான் எறங்கிட்டா விஞ்ச யாரு ஓட்டுறது? உன் வீட்டு ஆட்டுக்கல்லுன்னு நெனச்சியா?"

"அண்ணனுக்கு அவரு கயித்து மேல அம்புட்டு நம்பிக்கை" என்று அக்கா சிரித்தாள். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. காதில் இருந்த சிகரெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். எங்களைப் பார்த்து விறகு எங்கே என்று கேட்டார். நாங்கள் வந்துவிட்டோம். அன்றைக்கு முழுதும் தொட்டி ஏறி இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விறகு சுமந்தேன்.

மறுநாள் ஆட்களை இறக்கிவிட்டு, தொட்டி மேலே வந்ததும் அண்ணன் விஞ்சை நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பால் வெட்டுற கத்தி வச்சிருக்கியா?"

"வீட்ல இருக்குண்ணே."

"ஓடிப்போய் எடுத்துட்டு வா. நேத்து ஒவ்வொருத்தன் தோளயும் பாத்தேன்." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "எல்லாத்துலயும் இருக்கு."

"அவங்கள எறக்குறதுக்கு முன்னால கூப்பிட்டிருக்கலாமேண்ணே."

"ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

கத்தியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "நீயே வெட்டு. மரத்துல படாம பட்டைய மட்டும் வெட்டுற கை உன் கைதான்" என்றார். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். தோல் தானாக விரிந்தது. உள்ளே இருந்த தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை ஓடியது. அழுகின சணல் நாற்றம். கம்பிகள் கம்பியாகவே இல்லை. வறண்ட புகையிலை மாதிரி செதில் செதிலாக நின்றன. நகத்தால் நெம்பினேன். ஒன்று ஒடிந்து என் விரலில் வந்தது. ஒடிந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தோலை இன்னும் மேலே கிழித்துக்கொண்டே போனோம். ஆள் உயரத்துக்கு மேல் போனபிறகுதான் கறுப்பாக நல்ல கம்பி தெரிந்தது.

அண்ணன் அப்படியே விறகுக்கட்டையில் உட்கார்ந்தார். கீழே என் வீட்டுக்காரரும் மற்றவர்களும் கல்லை உடைக்கிற சத்தம் கிணற்று வழியாக டொக் டொக்கென்று வந்துகொண்டிருந்தது.

பிறகு எழுந்தார். வெட்டுகிற இடத்துக்கு மேலும் கீழும் மெல்லிய கம்பியை நெருக்கிச் சுற்றச் சொன்னார். இல்லாவிட்டால் புரி எல்லாம் பிரிந்துவிடும். உளியை வைத்து அடித்தார். கெட்ட துண்டு செத்த பாம்பு மாதிரி விழுந்தது. நல்ல கம்பியை மடக்கி வளையம் போட்டு, தொட்டியை மாட்டி, அது நிறையக் கல்லை ஏற்றி, பாதி இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி, இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தொட்டியை ஆட்களுக்காக அனுப்பினார். உருளையில் இருந்த கயிறு முழுதும் போய்விட்டது. இரும்பு தெரிந்தது.

எட்டவில்லை.

கீழேயிருந்து மணிக்கயிற்றை இழுத்து மேலே சேதி சொல்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் ஏறியிருக்கிறான், பார்த்து இழு. இப்போது இரண்டு தட்டு வந்தது. மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. எட்டவில்லை என்று சொல்லத் தட்டு கிடையாது. கயிறு இவ்வளவுதான் என்று மேலிருந்து சொல்லவும் வழி இல்லை. அண்ணன் விஞ்சை விட்டு நகரமுடியாது. நான் சாக்கை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன்.

"ஏ புள்ள, பொம்பள எறங்கக் கூடாதும்பாங்க" என்று அக்கா சொன்னாள்.

"ஏறத்தான் போறாங்கக்கா. அதுக்குத்தான் எறங்குறேன்."

நடுத்தட்டில் நின்று கீழே குனிந்து கத்தினேன். இருட்டுக்குள் அவர்கள் விளக்குகள் மின்மினி மாதிரி தெரிந்தன. தொட்டி அவர்கள் தலைக்கு மேலே, எம்பினாலும் பிடிக்கமுடியாத உயரத்தில் தொங்கியது.

"கயிறு அம்புட்டுத்தான்! கட்டைய அடுக்கி ஏறுங்க!"

"மேல யாருடா கத்துறது?" என்று ஒரு குரல்.

"இந்தக் குரலு தெரியல? இவன் பொண்டாட்டிதான். வீட்ல கத்துறது பத்தலன்னு இங்கயும் வந்துருச்சு" என்று அக்காவின் புருஷன் சொல்ல, கீழே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் என் வீட்டுக்காரர் குரல் இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

பாறைக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்த கட்டைகளை அடுக்கி மேடை கட்டினார்கள். இரண்டு இரண்டு பேராக ஏறி வந்தார்கள். ஒவ்வொரு தொட்டியும் என்னைத் தாண்டி மேலே போகும்போது நான் கயிற்றைப் பார்த்தேன். தோல் இல்லாத வெறும் கம்பி. என் வீட்டுக்காரர் கடைசித் தொட்டியில் வந்தார். என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்த்தார்.

துரை வந்தார். அண்ணன் வெட்டின துண்டைக் காட்டினார். துரை முதலில் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். காதில் இருந்த சிகரெட் பறந்துபோய் விழுந்தது. பிறகு குந்தி உட்கார்ந்து, அந்தத் துண்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்து இரண்டு விரலால் ஒடித்தார். இன்னொன்றை ஒடித்தார். வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தார். அவரும் ஒருதடவை அந்தத் தொட்டியில் இறங்கியிருக்கிறார்.

"ஹாபிஸ்?" என்று கேட்டார். முடிந்ததா என்று மலாயில்.

"பெலும், துவான்" என்றார் அண்ணன், கன்னத்தைத் தடவாமல். இன்னும் இல்லை. நடுத்தட்டுக்குக் கயிறு தாராளமாக எட்டும், அங்கே வெள்ளைக்காரன் விட்டுவைத்த கல் இருக்கிறது என்று கையைக் காட்டித் தெரிந்த மலாயில் சொன்னார். துரை ஒத்துக்கொண்டார். லம்பத்தை மூடவில்லை. ஆனால் நடுத்தட்டுக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. பாதிப் பேரை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லிப் பட்டையை அவிழ்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பட்டை போனது. அக்காவின் புருஷன் பட்டையும் போனது.

லாரி வருவதற்கு முன்னால் காட்டுக்குள் ஓடிவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஓடினால் உன்னைப் பிடித்துக் கேட்பான் என்றார். லாரி ஏறும்போது கறைபட்ட அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். "கயித்தத் தொடச்சுக்கிட்டு இரு" என்றார். கோபமா, இல்லை வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் துடைத்தேன். சேலையில் மிச்சம் இருந்ததையும் கிழித்துத் துடைத்தேன். நடுத்தட்டில் வேலை செய்தவர்களில் ஒருவரும் அந்தக் கயிற்றால் சாகவில்லை. நடக்காத சாவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நடந்ததைத்தான் பார்ப்பார்கள். லயத்தில் சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் தலை குனிந்து நடக்கவில்லை.

ஜப்பான்காரன் போனபிறகு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். அடையாளம் தெரியவில்லை. கால் ஒன்று புண்ணாகி வளைந்துவிட்டது. கொழுந்தனை அங்கே பார்க்கவே இல்லை என்றார். அக்காவின் புருஷன் வரவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை என்று மட்டும் என் வீட்டுக்காரர் அக்காவிடம் சொன்னார்.

அக்கா என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஒரே ஒரு தடவை, இருவரும் வாய்க்காலில் துவைக்கும்போது, கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கயிறு இன்னும் எத்தன நாளு தாங்கியிருக்கும் புள்ள?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுல்ல" என்றாள். துணியை அலசிப் பிழிந்தாள். "யாருக்குந்தான் தெரியாது."

அதற்குப் பிறகும் நாங்கள் பக்கத்துப் பக்கத்துக் கல்லில்தான் துவைத்தோம்.

லம்பம் பாழாகிக் கிடந்தது. ஆளாளுக்குக் கயிற்றை வெட்டிக்கொண்டு போனார்கள். மாடு கட்ட, துணி காயப்போட, வேலி இழுக்க. என் வீட்டுக்காரரும் விஞ்சுக்கார அண்ணனும் போய் உருளையின் அடியில் கிடந்த நல்ல கயிறாகப் பார்த்து எடுத்துவந்தார்கள். எங்கள் லயத்துக்கும் பால் வெட்டுகிற ரப்பர் காட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு உண்டு. மழைக்காலத்தில் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதன் குறுக்கே கயிற்றை இழுத்துக் கட்டிப் பலகை போட்டுத் தொங்குபாலம் கட்டினார்கள். மறுபடி வந்த வெள்ளைக்காரத் துரை அதைப் பார்த்துவிட்டு, நல்லது என்று நினைத்து ஒரு டின் தார் அனுப்பினார். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பிரஷ்ஷோடு வந்தார். என் வீட்டுக்காரர் வளைந்த காலோடு பாலத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"வேணாங்க. கயித்துக்குச் சட்ட போடாதீங்க" என்றார். "அது எப்புடி இருக்கோ அப்புடியே கண்ணுக்குத் தெரியட்டும்."

மண்டோர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் நகரவில்லை. அந்தத் தாரைக் கொட்டகைக் கூரைக்குப் பூசினார்கள்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கிளம்பும் முன்னால் என் வீட்டுக்காரர் பாலத்துக்குப் போவார். ஒரு பருத்தித் துணியை மடித்துக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, நொண்டிக்கொண்டே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடப்பார். துணி எங்காவது மாட்டினால் நின்று குனிந்து பார்ப்பார். பிறகு மற்றக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். எப்படித் துடைக்கவேண்டும் என்று என்னிடம் கேட்டதில்லை. நான் துடைத்ததை அத்தனை நாள் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று சொன்ன மனிதர் அவர்.

பால் வாளியோடு முதலில் வந்து நிற்பது அக்காதான். பலகையில் காலை வைக்கமாட்டாள். அவர் துணியை உதறி மடித்துத் தோளில் போடும்வரை காத்திருப்பாள்.

"போலாமா தம்பி?"

"போங்கக்கா."

அவள் போவாள். அவளுக்குப் பின்னால் நான் போவேன்.